முதலாளியை டம்மியாக்கிய ஏழு ஸ்பேடு

ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர் என்றால் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு: வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்கும் பையரிடம் கம்பெனிக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும், கம்பெனியிடம் பையருக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஷூ தப்பித்தவறி நன்றாக வந்துவிட்டால் பெயர் வேறு யாருக்காவது போய்விடும். தொண்ணூறுகளில் ஆம்பூரில் அந்த வேலையைப் பார்த்தவள் நான். நீங்கள் பார்த்தது பள்ளிக்கூடமாக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம், பாங்க்காக இருக்கலாம். வேலையை நீங்கள் செய்து, சபையில் எழுந்து நின்று கும்பிடு போட்டது இன்னொருவர் என்றால் நீங்களும் நம்ம கட்சி. நகர்ந்து இடம் தருகிறேன், உட்காருங்கள்.

இதில் சீட்டாட்டமும் வரும். முகத்தைச் சுளிக்க வேண்டாம், பிரிட்ஜ் ஆட்டம்தான். எங்கள் மேஜையில் காசு வைப்பதில்லை. மானத்தை மட்டும்தான் வைப்போம்.

ஒரு கை குறைகிறது

ஒரு மழைக்காலத்தில் வெளிநாட்டு பையர் ஒருவர் ஆம்பூருக்கு வந்து மாட்டிக்கொண்டார். வயதானவர். பகலெல்லாம் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை சொல்வார், சாயங்காலம் கெஸ்ட் ஹவுஸில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பார். பிரியாணியும் எத்தனை நாளைக்குத்தான் பொழுதைப் போக்கும்? இங்கே பிரிட்ஜ் ஆட ஆள் கிடைக்குமா என்று முதலாளியிடம் கேட்டுவிட்டார். எங்கள் முதலாளி ஹபீப் சாருக்கு அந்த ஆட்டத்தின் மேல் உயிர். பையரோடு கூட வந்தவருக்கும் ஆட்டம் தெரியும். மூன்று பேர் ஆயிற்று, நாலாவது கைக்கு ஆள் இல்லை.

முதலாளி ஆபீஸ் நடுவில் வந்து நின்று யாருக்காவது பிரிட்ஜ் தெரியுமா என்றார். எல்லாரும் குனிந்துகொண்டார்கள். நான் கையைத் தூக்கினேன். அப்பா ஜோலார்பேட்டையில் ரயிலுக்குக் கொடி காட்டும் கார்டு. ரயில்வே இன்ஸ்டிட்யூட் என்கிற ஊழியர் கிளப்பில் ஆட்டம் பாதியில் இருக்கும்போது யாருக்காவது டியூட்டி வந்துவிடும். குவார்ட்டர்ஸில் ஜாமெட்ரி போட்டுக்கொண்டிருக்கும் என்னைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப்பாடும் பெண் கையில் சீட்டா என்று அம்மா அப்பாவிடம் சண்டை போட்டது தனிக்கதை. அன்று சாயங்காலம் நானும் முதலாளியும் ஜோடியாக ஆடி இரண்டு வெளிநாட்டுக்காரர்களையும் கவிழ்த்தோம். மறுநாள் முதலாளி அக்கவுண்ட்ஸ் ஆட்களிடம் சொன்னாராம்:

"இத்தினி வருசமா நம்ம ஆபீஸ்லயே ஒரு கை இருந்துருக்குது, நான் வேலூர் வரிக்கும் போய்த் தேடிக்கினு இருந்தேன்."

லேடீஸ் சைடு

அதற்குப் பிறகு சனிக்கிழமை சாயங்காலம் வேலூர் கிளப்புக்குப் போவதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. முதலாளியின் மனைவி நஸீமா அம்மாவும் எங்களோடு காரில் வருவார், வேலூரில் தங்கை வீட்டில் இறங்கிக்கொள்வார். கிளப்பில் முன்வராந்தா பெண்களுக்கு. அங்கே டீயும் தம்போலா என்கிற நம்பர் விளையாட்டும் நடக்கும். சீட்டு அறை உள்ளே. பெண்கள் அங்கே வரக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, யாரும் வந்ததில்லை, அவ்வளவுதான். எழுதாத சட்டத்தை மாற்றுவதுதான் கஷ்டம். எழுதியிருந்தால் அடித்துவிட்டு வேறு எழுதலாம்.

அந்த அறைக்கு ராஜா ஒரு ரிட்டையர்டு டாக்டர். பாதி ஊருக்கு வைத்தியம் பார்த்த மனுஷன், கிளப்பில் அவர் சொன்னால் எதிர்ப்பேச்சு கிடையாது. என்னைப் பார்த்ததும், "லேடீஸ் சைடு அந்தப் பக்கம்மா" என்று கையைக் காட்டினார். "அங்க பிரிட்ஜ் ஆடறாங்களா டாக்டர்?" என்று கேட்டேன். உண்மையிலேயே பதில் தெரிய வேண்டும் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். முதலாளி கூரையைப் பார்த்தார். டாக்டரின் ஜோடியான பாங்க் மேனேஜர் ராமமூர்த்திதான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுடைய நாலாவது ஆளுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிப் பல வாரமாகியிருந்தது.

"உக்காருங்க மேடம். மூணு பேராவே ஆடி ஆடி எங்களுக்கும் பேஜாராப் போச்சு."

எப்போதும் ஹார்ட்ஸ்

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஜோடி. முதலில் ஏலம். எந்தச் சீட்டைத் துருப்பாக வைத்து எத்தனை பிடி பிடிப்போம் என்று சொல்ல வேண்டும். கடைசியாக ஏற்றிச் சொன்ன ஜோடிக்கு ஆட்டம். அந்த ஜோடியில் அந்தத் துருப்பை முதலில் சொன்னவர்தான் ஆடுவார். மற்றவர் தன் பதின்மூன்று சீட்டையும் மேஜைமேல் விரித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும், அந்தச் சீட்டையும் ஆடுகிறவரே போடுவார். அவருக்குப் பெயர் டம்மி. டம்மி டீ குடிக்கலாம், ஃபேனைப் பார்க்கலாம். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, எந்தச் சீட்டைப் போடலாம் என்று கண்ணால்கூடக் காட்டக்கூடாது.

ஹபீப் சார் டம்மியாக உட்கார்ந்ததே கிடையாது. நான் ஸ்பேடு என்றால் அவர் ஹார்ட்ஸ் என்பார். நான் மறுபடி ஸ்பேடு என்றால் அவர் மறுபடி ஹார்ட்ஸ், முன்னதைவிடச் சத்தமாக. அவர் கையில் டைமண்ட் நிறைய இருந்தால் ஹார்ட்ஸ் இருந்த இடத்தில் டைமண்ட் வரும், மற்றதில் மாற்றம் இருக்காது. சம்பளம் கொடுக்கிறவரோடு ஏலத்தில் எவ்வளவு தூரம் போவது? நான் பாஸ் சொல்லிவிட்டுச் சீட்டை விரித்துவைத்து ஃபேனைப் பார்ப்பேன். கிளப்பில் இதற்குக் கம்பெனி ரூல் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர் நன்றாகத்தான் ஆடுவார், இல்லையென்று சொல்லமாட்டேன். தப்பாக ஆடும்போதுதான் எனக்குப் பல் நெறநெறக்கும். ஆம்பூருக்குத் திரும்பும்போது காரில் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பாராட்டுவார்:

"உன் கை எப்பவும் அழகா விரியுதும்மா. ஆடறதுக்கு எனக்கு சுகமா இருக்குது."

ரெக்சின் பெட்டி

எங்கள் ஃபேக்டரி மேனேஜர் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் நாற்காலி காலியாகவே இருந்தது, அவர் வேலை என் தலையில் வந்து உட்கார்ந்தது. காலையில் கட்டிங், மத்தியானம் ஸ்டிச்சிங், சாயங்காலம் பேக்கிங், நடுவில் என் சொந்த வேலையான மன்னிப்புக் கேட்பதும் நிற்கவில்லை. முதலாளி பரீட்சை வைத்துப் பார்க்கிறார், முடிந்ததும் நாற்காலியைத் தருவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தக் கட்டடத்தில் தோல் நுழைவதிலிருந்து ஷூ வெளியே போவது வரை எனக்குத் தெரியாத மூலை கிடையாது. வேலை என்னுடையது என்றால் பெயரும் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கட்டிங் செக்‌ஷன் ஏழுமலை மாஸ்டர் என்னை அப்போதே மேனேஜரம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் முதலாளியின் அக்கா மகன் இம்தியாஸ் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினார். எம்.பி.ஏ. படித்தவர், மரியாதையான பையன், யாரையும் கடிந்து பேசமாட்டார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் தோல் பதனிடும் டேனரியைச் சுற்றிப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் அந்த வாடையிலேயே சோறு தின்று பழகியவர்கள். அவர் கையில் பார்வைக்குத் தோல் மாதிரி இருக்கும் ஒரு புதுப் பெட்டி. ஏழுமலை மாஸ்டர் அதைத் தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தார், என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்:

"மேடம், தோலூருக்கு ரெக்சின் பொட்டியோட வந்துகிறாரு. இன்னா ஆவப்போவுதோ."

டியூப் லைட்டில் பார்த்த பழுப்பு

எங்கள் தொழிலில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. தோலின் நிறத்தை டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பையர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டையும் டேனரியிலிருந்து வந்த தோலையும் வடக்கு ஜன்னலில், பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சாயங்காலம் வந்த தோல் என்றால் காலை வரை காத்திருக்கத்தான் வேண்டும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும். ஒரு சாயங்காலம் பழுப்புத் தோல் வந்தது. காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நான் பேக்கிங்குக்குப் போனேன். இம்தியாஸ் தம்பி டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்தார், அருமையாக இருக்கிறது என்று ஓகே சொல்லிவிட்டார். நான் மறுநாள் வருவதற்குள் முதல் ஷிஃப்ட் வெட்ட ஆரம்பித்துவிட்டது. ஜன்னலில் தூக்கிப் பிடித்தால் பழுப்பில் பச்சை அடிக்கிறது, பாசி படிந்த மாதிரி.

தோல் தொழிலில் தப்பான நிறத்துக்கெல்லாம் மோட்சம் கறுப்புதான். வெட்டாத தோலையெல்லாம் திரும்பக் கறுப்புச் சாயத்துக்கு அனுப்பினோம். வெட்டினது வீண். பையருக்கு மன்னிப்பு ஃபேக்ஸ் எழுதியது யார் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. மழை, கரண்ட், ஆள் கம்மி என்று மூன்றையும் வரிசையாகப் போட்டேன். அந்தச் சனிக்கிழமை காலை முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். இனிமேலாவது நாற்காலி எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன். அவர் டீ வரவழைத்தார், சிரித்தார், பிறகு சொன்னார்:

"தம்பி புதுசும்மா, போகப்போக சரியாப் போயிடும். மேனேஜர் சீட்டுல அவன் ஒக்காரட்டும், நீ பக்கத்துலயே இருந்து பாத்துக்கோ."

ஏழு ஸ்பேடு

அன்று சாயங்காலம் கிளப்பில் வருஷக் கோப்பைக்கான ஆட்டம். எனக்குக் கோபம். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள் என்றால் என்ன அர்த்தம்? சீட்டை விரித்துவைத்துவிட்டு ஃபேனைப் பார் என்று அர்த்தம். அதை வாரத்தில் ஆறு நாளும் செய்ய வேண்டுமாம், சனிக்கிழமை மட்டும் போதாதாம். கடைசிச் சுற்றில் எங்களுக்கு எதிரே டாக்டரும் பாங்க் மேனேஜரும். இரண்டு ஜோடியும் சமமாக வந்து நின்றோம். கடைசி ஆட்டத்துக்குச் சீட்டைப் போட்டார்கள். மற்ற மேஜைக்காரர்கள் ஆட்டம் முடிந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். வராந்தாவிலிருந்து தம்போலாப் பெண்கள்கூட வாசல்வரை வந்துவிட்டார்கள்.

என் கையில் ஏழு ஸ்பேடு, ஏஸ் தலைமையில். ராஜா மட்டும் இல்லை. ஒரு ஸ்பேடு என்று தொடங்கினேன். எதிரே முதலாளி இரண்டு ஹார்ட்ஸ் என்றார். மூன்று ஸ்பேடு என்றேன். நாலு ஹார்ட்ஸ் என்றார், வழக்கமான குரலில். வழக்கமாக அங்கே நான் நிறுத்துவேன். அன்று நிறுத்தவில்லை. ஏலத்தில் ஸ்பேடு ஹார்ட்ஸுக்கு ஒரு படி மேல். அவர் எந்த எண்ணைச் சொன்னாலும் அதே எண்ணில் நான் மேலே போகலாம், அவர் திரும்ப ஹார்ட்ஸுக்கு வர வேண்டுமானால் எண்ணை ஏற்றியாக வேண்டும். நாலு ஸ்பேடு என்றேன். ஐந்து ஹார்ட்ஸ். ஐந்து ஸ்பேடு. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆறு ஹார்ட்ஸ். ஆறு ஸ்பேடு. டாக்டருக்கும் மேனேஜருக்கும் ஏலத்தில் வேலையே இல்லை, நாங்கள் இரண்டு பேரும்தான் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தோம். ஒரே ஜோடிக்குள் இப்படி ஏலம் ஏறி அந்த அறை பார்த்ததில்லை.

ஏழு ஹார்ட்ஸ் என்றார் முதலாளி. ஏழு என்பது உச்சி, ஏலத்தில் முதல் ஆறு பிடி கணக்கில் வராது, அதற்குமேல் ஏழு, ஆகப் பதின்மூன்று பிடியையும் நாமே பிடிக்க வேண்டும், ஒன்று போனாலும் தோல்வி. துருப்பு ராஜா கையில் இல்லாமல் அதைச் சொல்கிறவளை ஜோலார்பேட்டையில் அப்பாவின் தோஸ்துகள் நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்திருப்பார்கள். கோப்பை போகும், முதலாளிக்கு ஊர் முன்னால் தலைக்குனிவு, என் வேலையும் அதோடு போகும். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன், ஏழு ஸ்பேடு. இதற்குமேல் ஹார்ட்ஸ் ஏற இடம் கிடையாது. டாக்டர் என் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சீட்டைக் குப்புற வைத்துவிட்டு, டபுள் என்றார். தோற்றால் தண்டனை இரட்டிப்பு என்று அர்த்தம். முதலாளி பாஸ் சொன்னார். பிறகு தன் பதின்மூன்று சீட்டையும் மேஜைமேல் ஒவ்வொன்றாக விரிக்க ஆரம்பித்தார், பழக்கமில்லாத வேலை என்பதால் சிலதைக் குப்புறக்கூட வைத்தார். பாங்க் மேனேஜர் அவற்றைத் திருப்பி வைக்க உதவிசெய்துகொண்டே சொன்னார்:

"ஹபீப் சார், நீங்க விரிச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

டம்மிக்கு வாய் கிடையாது

விரித்த சீட்டில் ஏழு ஹார்ட்ஸ், ஏஸ், ராஜா, ராணி எல்லாம் இருந்தன. டைமண்ட் ஏஸும் இருந்தது. ஸ்பேடு இரண்டே இரண்டு பொடி. ஆக எல்லாமே ஸ்பேடு ராஜா எங்கே இருக்கிறது என்பதில் வந்து நின்றது. அது பாங்க் மேனேஜரிடம் இருந்தால், விரித்த பொடி ஸ்பேடைப் போட்டு அவரை எனக்கு முன்னால் ஆடவைத்து, வழக்கமான வழியில் சுற்றி வளைத்துப் பிடிக்கலாம், பாடப்புத்தகம் அதைத்தான் சொல்லும். டாக்டரிடம் இருந்தால் அந்த வழியில் போனால் குழியில் விழுவேன். அவரிடம் ராஜா கூட ஆளில்லாமல் தன்னந்தனியாக இருந்தால் மட்டும், என் ஏஸ் அதை இழுத்துக் கீழே போடும். அப்படித் தனியாக மாட்டுவது எப்போதோ ஒரு தடவை. டாக்டர் கிளாவர் ராஜாவை வைத்துத் தொடங்கினார். ஏஸால் பிடித்தேன். முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் கை தானாக மேஜைப் பக்கம் நீண்டது, தொண்டையைக் கனைத்து, "ஸ்டெல்லாம்மா, அந்த..." என்று ஆரம்பித்தார். டாக்டர் தலையைத் திருப்பாமலே தடுத்தார்:

"டம்மிக்கு வாய் கிடையாது, ஹபீப்."

தனியாக மாட்டிய ராஜா

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே டாக்டரை நான் மன்னித்துவிட்டேன், லேடீஸ் சைடு உட்பட. அறையில் எல்லாரும் நான் பொடி ஸ்பேடுக்குக் கைகாட்டி வழக்கமான வழியில் போவேன் என்று காத்திருந்தார்கள். நான் டாக்டரைப் பற்றி யோசித்தேன். காரணம் இல்லாமல் ஊசிகூடப் போடாத மனுஷர். டபுள் சொன்னார் என்றால் அவரிடம் ஏதோ இருக்கிறது, அது ராஜாவாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் எனக்கு ஒரே வழிதான். ஸ்பேடு ஏஸை எடுத்து மேஜைமேல் வைத்தேன். டாக்டர் கொஞ்ச நேரம் தன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து என்ன செய்ய, அவரிடம் ஸ்பேடில் இருந்ததே ஒன்றுதான். ராஜாவைப் போட்டார்.

வாசலில் நின்ற தம்போலாப் பெண்களில் யாரோ கைதட்டினார்கள், என்ன நடந்தது என்று தெரியாமலேயே. மீதித் துருப்பை இழுத்தேன், முதலாளியின் ஹார்ட்ஸ் மேல் என்னிடமிருந்த வேண்டாத சீட்டுகளைத் தள்ளினேன், பதின்மூன்று பிடியும் என் பக்கம் அடுக்கடுக்காக வந்தது. அதிர்ஷ்டம் என்றார்கள். குருட்டு அதிர்ஷ்டம் என்றும் ஒருவர் சொன்னார். ஆமாம் என்றேன். நூற்றில் தொண்ணூறு தடவை அந்த ஏலத்தில் நான் மண்ணைக் கவ்வியிருப்பேன். அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை, திரும்ப அதே சீட்டு வந்தால் திரும்பச் சொல்வேன். டாக்டர் மட்டும் தோற்றதைவிட வேறெதற்கோ கோபமாக இருந்தார். கோப்பையை என் கையில் கொடுக்கும்போது அடிக்குரலில் சொன்னார்:

"நான் டபுள் சொல்லாம வாய மூடிக்கினு இருந்திருந்தா நீ காலியாயிருப்பேம்மா."

பள்ளிகொண்டா தாண்டி

திரும்பும்போது கோப்பை என் மடியில், நஸீமா அம்மா என் பக்கத்தில், முதலாளி முன் சீட்டில். பாராட்டு இல்லை, திட்டும் இல்லை. பள்ளிகொண்டா தாண்டிய பிறகு, திரும்பாமலே கேட்டார்: "ஏழு ஹார்ட்ஸ்ல வுட்ருந்தா, நான் அடிச்சிருப்பேன் இல்ல?" நான் உள்ளதைச் சொன்னேன். "போயிருக்கும் சார். டாக்டர் கையில நாலு ஹார்ட்ஸ், ஜாக்கியோட. ஒரு பிடி கட்டாயம் அவருக்கு." நஸீமா அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொல்கிற மாதிரி அவருக்குச் சொன்னார்:

"எனக்குச் சீட்டு தெரியாது ஸ்டெல்லா. ஆனா வீட்லயும் இதே கததான், இவரு சொன்னதுக்கு மேல யாரும் சொல்லக் கூடாது."

திங்கட்கிழமை ஏலம்

திங்கட்கிழமை காலை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைக்கவில்லை, அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். "ரெண்டு பேரும் சேந்தே மேனேஜரா இருங்க. நீயும் தம்பியும். வாசல் போர்டுல ரெண்டு பேரையும் போட்டுடலாம்" என்றார். சனிக்கிழமைக்கு முந்தி அதைச் சொல்லியிருந்தால் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். "வேணாம் சார்" என்றேன். "தனியாக் குடுங்க. இல்லேன்னா நான் நின்னுக்கறேன்." வேறு கம்பெனியில் பேசி வைத்திருந்தேனா? இல்லை. வீட்டில் சொல்லியிருந்தேனா? அதுவும் இல்லை. ஸ்பேடு ராஜா அன்றைக்கும் என் கையில் இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையை இனி ஒரு நாள்கூடச் செய்ய என்னால் முடியாது, அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க பேசி வச்சிக்கிறே? ராணிப்பேட்டையா? கையில இன்னா வச்சிக்கினு பேசறே நீ?" என்றார். "என் சீட்டை எதுக்கு சார் கேக்கறீங்க? நீங்க டபுள் சொல்றீங்களா, பாஸ் சொல்றீங்களா?" என்றேன். இப்படிப் பேசுவேன் என்று அறைக்குள் நுழையும்போது எனக்கே தெரியாது. வெளியே கட்டிங் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மேஜைமேல் இருந்த தோல் துண்டு ஒன்றை எடுத்தார், எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வடக்கு ஜன்னல்தான். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்:

"பாஸ்."

கடைசியாகத் திருப்பிய சீட்டு

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஏழுமலை மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். இம்தியாஸ் தம்பி ஞாயிற்றுக்கிழமையே தன் அம்மாவுக்குப் போன் போட்டு, இந்த வாடையில் இனி ஒரு வாரம் இருக்கமாட்டேன், மெட்ராஸ் ஆபீஸே போதும் என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலை அந்த ரெக்சின் பெட்டி கட்டித் தயாராக இருந்ததாம். அது தெரிந்துகொண்டுதான் முதலாளி என்னிடம் ரெண்டு பேரும் சேர்ந்து என்று பேசியிருக்கிறார். கையில் ஒன்றும் இல்லாமல் ஏலத்தை ஏற்றியது நான் மட்டும் இல்லை. வேண்டாம் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால், ஊரில் இல்லாத ஒருவரின் பெயருக்குக் கீழே என் பெயர் போர்டில் தொங்கியிருக்கும்.

கிளப்பில் அதற்கடுத்த சனிக்கிழமை முதலாளி ஜோடியை மாற்றிக்கொண்டார், பாங்க் மேனேஜரோடு. அங்கே அவர் நிம்மதியாக ஹார்ட்ஸ் சொல்கிறார், மேனேஜர் நிம்மதியாக விரித்து வைக்கிறார். எனக்கு ஜோடி டாக்டர். நான் எவ்வளவு ஏற்றினாலும் அவர் மறுப்பதில்லை, பெருமூச்சு மட்டும் விடுவார். நான் தோற்ற ஆட்டங்களும் நிறைய, அவற்றை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை என்று நினைத்தால் அது தப்பு, டாக்டர் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவர்களிடம் என்னை அறிமுகம் செய்யும்போது அவர் சொல்வது இதுதான்:

"இவங்கதான் ஸ்டெல்லா மேடம், ஆம்பூர்ல ஃபேக்டரி மேனேஜர், இங்க கோப்பை ஜெயிச்சவங்க. மொதல்லயே சொல்லிட்டேன், ரெண்டும் இவங்களுக்கு அதிர்ஷ்டத்துல கெடச்சதுதான்."

நானும் அதை மறுப்பதில்லை: ராஜா தனியாக மாட்டுவது அதிர்ஷ்டம்தான், ஆனால் ஏழு என்று கேட்காமல் பாஸ் சொல்லிவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கும் எதிராளி கையில் ராஜா அப்படித் தனியாகவே மாட்டிக்கிடந்திருக்கும், யாரும் கடைசிவரை திருப்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.